வேகத்தடையில் மயங்கிவிழும் சப்வூஃபர்

பெருமதிப்பிற்குரிய சகலை ஸ்டெல்லான் அவர்களுக்கு,

லியூஸ்டாலிலிருந்து ஒஸ்தென் எழுதுவது. நானும் உங்கள் மைத்துனி அன்னெலியும் மகள் எல்வீராவும் நலம். உங்கள் நலமும் அக்கா பியாவின் நலமும் அறிய ஆவல். உங்கள் முழங்கால் இப்போது மடங்குகிறதா? போன் செய்யாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் என்னை எப்போது பேச விட்டிருக்கிறீர்கள்?

விஷயம் எல்வீராவின் ஏபா வண்டி பற்றியது. போன வருஷம் அவளுக்குப் பதினைந்து முடிந்து ஏபா ஓட்டும் உரிமம் கிடைத்ததும், ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும் போல அவளும் கேட்டு அழ, ஒரு பழைய காரின் பின்பாதியை வெட்டி, முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓடாமல் கட்டிப்போட்டு, முதுகில் மெதுவண்டி என்று காட்டும் சிவப்பு முக்கோணம் மாட்டிக் கொடுத்தோம். இருக்கைக்குப் பின்னால் ஒரு சப்வூஃபரை, அந்தத் திம்திம் ஸ்பீக்கரை, உங்கள் கையால் நீங்களே பூட்டினீர்கள். “நான் பூட்டினா பேரன் காலம் வரைக்கும் நிக்கும் சகல” என்றீர்கள். பேரன் கிடக்கட்டும், பனி உருகும்வரைகூட நிற்கவில்லை. திம்திம் என்று போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று ஊமையாகும், யாரும் தொடாமலே மறுபடி உயிர் பிழைக்கும்.

முதலில் ஃபியூஸ் என்று நினைத்து மாற்றினேன். அடுத்து ஆம்ப்ளிஃபயர் சூடேறுகிறதோ என்று அன்னெலியின் மேஜை விசிறியை எடுத்து அதன் முன் வைத்தேன், அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. ஸ்பீக்கர் ஒயர் எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டினேன், ஒன்று மிச்சமாகிவிட்டது, அது எதனுடையது என்று இன்றுவரை தெரியவில்லை. கொல்லையில் நிறுத்திப் போட்டால் சொக்கத் தங்கம் போல அடிக்கிறது, காபிக் கோப்பைகள் மேஜை மேல் நடைபோகின்றன. தெருவில் இறங்கினால்தான் கோளாறு. சரி, ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று எல்வீரா ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தைப் பின்பக்கம் திருகி டார்ச் அடித்துக்கொண்டே போனேன். எங்கள் பின்னால் ஒரு மரலாரியும் பாதி ஊரும் முப்பதில் ஊர்ந்து வந்தன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. நம் ஜனங்களைப் பற்றித்தான் தெரியுமே, மனசுக்குள்ளேயே திட்டுவார்கள்.

முதியோர் இல்லத்து வாசலில் ஒரு வேகத்தடை இருக்கிறதல்லவா? அதில் ஏறி இறங்கியதும் சப்வூஃபர் செத்தது. பெட்ரோல் பங்க் பள்ளத்தில் விழுந்ததும் பிழைத்தது. திரும்பி வந்தோம், அதே கதை. வீட்டில் பிரித்துப் பார்த்தால், சகலை, எர்த் ஒயரைப் பெயின்ட் மேலேயே வைத்து முடுக்கியிருக்கிறீர்கள்! சுரண்ட வேண்டாமா? தகரம் தெரிய வேண்டாமா? குலுங்கினால் விடுகிறது, குலுங்கினால் தொடுகிறது.

ஸ்பானரைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் இல்லத்தின் மேலாளர் சோல்வெய் அம்மா கேக்கோடு வந்து நின்றார்.

“ஒங்க பொண்ண பனிக்காலத்துல இருந்தே பாத்துக்கிட்டே இருக்கேன். மத்த புள்ளைங்க எங்க வாசல்ல ஜன்னலே ஒடையற மாதிரி போவுதுங்க. இவ மட்டும் கரெக்டா எங்க வாசல் வந்ததும் பாட்ட நிறுத்திடுறா. யாரும் சொல்லிக் குடுக்காம! கோடை லீவுல எங்ககிட்ட வேலைக்கு வரட்டுமே?”

எல்வீரா வாயைத் திறந்தாள். அவள் காலை மிதித்தேன். உங்களுக்குத் தெரியும், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டாள் என்று கடை, கேம்பிங், ஐஸ்கிரீம் வண்டி, எங்குமே அவளை எடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் வந்து கதவைச் சாத்திக்கொள்வாள். அந்தக் கதவை வெளியே நின்று பார்ப்பதே என் வேலையாகிவிட்டது. இப்போது வீடு தேடி வேலை வருகிறது, நான் அதை ஒரு திருகாணிக்காகக் கெடுப்பேனா?

“அப்பா, இது பொய்தானே?” என்றாள், அவர் போனபிறகு.

“நாம ஒண்ணும் சொல்லலையேம்மா.”

“அதான் பொய்.”

“அந்தம்மா கேக்கவேயில்ல. கேட்டா சொல்லலாம்.”

“இந்த ஊர்ல யாருப்பா யார கேக்குறாங்க?” என்றாள். சுளீரென்றுதான் இருந்தது. ஆனாலும் ஸ்பானரை மறைத்துவைத்துவிட்டேன்.

ஆகவே சகலை, என் பணிவான வேண்டுகோள்: நடுக்கோடை விருந்துக்கு அவசியம் வாருங்கள். ஊறுகாய் மீன் கொண்டுவாருங்கள், புட்டி கொண்டுவாருங்கள். கருவிப்பெட்டியை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அந்த ஒயரின் பக்கம் நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. லீவு முடியும் ஆகஸ்ட் வரை அது உங்கள் வேலைத்திறத்தின்படியே தொங்கட்டும்.

பியாவுக்கு அன்னெலியின் முத்தங்கள். உங்கள் முழங்காலுக்கு என் ஆசிகள். புது உருளைக்கிழங்கு உங்கள் தோட்டத்தில் செழிக்கட்டும், நத்தை அண்டாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புச் சகலை,
ஒஸ்தென்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் எல்வீரா வந்தாள். என்னிடம் சொல்லாமல் இல்லத்துக்குப் போய் உண்மையை உடைத்துவிட்டாள். “நான் நல்ல பொண்ணெல்லாம் இல்லீங்க, ஒயர் லூசு, எங்க பெரியப்பா சரியா முடுக்கல” என்று. (உங்கள் பெயர் வந்ததற்கு வருந்துகிறேன்.) சோல்வெய் அம்மா அவளை ஜன்னலோரம் சிக்ஸ்டன் என்ற கிழவரிடம் கூட்டிப்போனாராம். தொண்ணூறு வயசு, காது சுத்தமாகக் கேட்காது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏபா வண்டிகள் சுற்றும்போது ஜன்னல் சட்டத்தில் இரண்டு உள்ளங்கையையும் பதித்துக்கொண்டு உட்காருவாராம். சோல்வெய் அம்மா எழுதிக் காட்டியதும், “அது நீதானா புள்ள!” என்று கத்தியிருக்கிறார். “தெருமுனையில இருந்து திம்திம்னு நெஞ்சுக்குள்ள வரும். வாசலுக்கு வந்ததும் நின்னுபோவும். என் நெஞ்சுதான் நிக்குதுன்னு நெனச்சேன். டாக்டருகிட்ட சொல்லி, உடம்பு பூரா ஒயர் மாட்டிப் பாத்தாங்க, ஒண்ணுமில்லன்னுட்டாங்க.”

வேலை போகவில்லை. இதையெல்லாம் எல்வீரா காபி ஆறும்வரை மூச்சுவிடாமல் சொன்னாள். அன்னெலி அழுதுவிட்டாள், நானும்தான்.

மேலே எழுதிய வேண்டுகோளை அடித்துவிடுங்கள், சகலை. விருந்து வரை காத்திருக்க வேண்டாம், வெள்ளிக்கிழமை கிழவர் ஜன்னலில் கை வைப்பதற்கு முன்னால் கருவிப்பெட்டியோடு வந்துவிடுங்கள். உப்புத்தாளும் எடுத்துவாருங்கள். இந்தத் தடவை தகரம் தெரியச் சுரண்டுங்கள்.