மெத்தையில் விழுந்த பள்ளம்

மனிதன் நிலவில் கால் வைத்ததை இன்னும் வியந்து பேசிக்கொண்டிருக்கிறோம். நாய் கட்டிலில் கால் வைத்ததைப் பற்றி ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய சாதனை. நிலவுக்குப் போனவர்கள் போன சூட்டோடு திரும்பிவிட்டார்கள். கட்டிலில் ஏறிய நாய் இறங்கியதாக இதுவரை தகவல் இல்லை.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. பெரிய மெத்தைக் கம்பெனி ஒன்றில் நான் 'உத்தரவாதப் பரிசோதகர்'. வாங்கிய மெத்தையில் பள்ளம் விழுந்துவிட்டது, வேறு தாருங்கள் என்று யாராவது புகார் செய்தால் கம்பெனி உடனே என்னை அனுப்பிவைக்கும். மெத்தை கொடுப்பதற்காக அல்ல, கொடுக்காமல் இருப்பதற்காக. எங்கள் உத்தரவாதத்தில் பொன்னான விதி ஒன்று இருக்கிறது: 'வீட்டுப் பிராணி படுத்த மெத்தைக்கு உத்தரவாதம் செல்லாது.' பிராணி படுத்ததை நிரூபிப்பதே என் திருப்பணி. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு மெத்தைகூட மாற்றிக் கொடுக்கப்பட்டதில்லை. ஆண்டுக் கூட்டத்தில் மேனேஜர் என்னைக் 'கம்பெனியின் காவல் தெய்வம்' என்று புகழ்ந்தார். முதலில் வேறு ஏதோ காவல் என்று எழுதி வைத்திருந்து, சபை நாகரிகம் கருதி மாற்றியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அப்படித்தான் அந்த மூன்றாம் மாடி வீட்டுக்கும் போனேன். புகார் கொடுத்தவர் ஓர் அலுவலகத்தில் மனிதவள அதிகாரி. அவர் மனைவி பல் டாக்டர். கதவைத் திறந்தவரோ அதிகாரியின் அப்பா, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டிய உடம்பு. ஒரு கையை இடுப்பில் முட்டுக்கொடுத்தபடி நின்றார்.

"மெத்தை விஷயமா வந்தவரா? வாங்க. ஒண்ணு கேக்கணும். புதுசு குடுத்தா பழசை என்ன பண்ணுவீங்க?"

"கம்பெனியே எடுத்துக்கும் ஐயா."

"அப்படியா" என்றார். முகம் விழுந்துவிட்டது.

"அப்பா, சார் வேலையா வந்திருக்காரு, தொந்தரவு பண்ணாதீங்க" என்று அதிகாரி என்னைப் படுக்கையறைக்குக் கடத்திக்கொண்டு போனார்.

மெத்தையின் நட்டநடுவில் பள்ளம். கணவன் மனைவி தலையணைகள் ஆளுக்கொரு ஓரமாக, விழுந்துவிடாமல் தொங்கிக்கொண்டிருந்தன. நடுவில் மூன்றாவதாக ஒரு தலையணை, எலும்புப் படம் போட்ட உறையோடு. நான் அளவுகோலை எடுத்து, மருத்துவரின் முகபாவத்தோடு பள்ளத்தை அளந்தேன். பிறகு அந்தப் புனிதமான கேள்வியைக் கேட்டேன்.

"வீட்டுல நாய் இருக்கா?"

"துரை இருக்காரு" என்றார் பல் டாக்டர். "ஆனா கட்டில் பக்கமே வர மாட்டாரு. அவருக்குன்னு ஹால்ல தனி மெத்தை வாங்கிப் போட்டிருக்கோம்."

அந்த நேரம் பார்த்து துரை உள்ளே வந்தார். கன்றுக்குட்டி அளவு இருந்தார். முன்கூட்டியே சொல்லாமல் வந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். கட்டிலில் ஏறி, இரண்டு சுற்றுச் சுற்றி, பள்ளத்தில் படுத்தார். பூட்டில் சாவி பொருந்துவதுபோலப் பொருந்தினார். எலும்புத் தலையணையை மூக்கால் இழுத்துத் தலைக்கு வைத்துக்கொண்டார்.

"இன்னைக்குத்தான் முதல் தடவை" என்றார் அதிகாரி.

"தலையணையெல்லாம் தானா எடுத்துக்கிறாரே சார்?"

"ரொம்ப அறிவு. எதையும் ஒரு தடவை பாத்தா போதும்."

வழக்கு முடிந்தது என்று அளவுகோலை மடக்கினேன். ஆனால் பல் டாக்டருக்குப் பொறுக்கவில்லை.

"படுத்தாத்தான் என்ன தப்பு? கட்டில்ல கூடப் படுத்தா மன அழுத்தம் பாதியாக் குறையுதாம். ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்க."

"யாருக்கு மேடம் குறையுது?"

"துரைக்கு."

அதிகாரி கண்ணால் சைகை காட்டிப் பார்த்தார். பயனில்லை என்று தெரிந்ததும் அவரும் கொள்கைப் பிரகடனத்தில் இறங்கினார்.

"சார், எங்க ஆபீஸ்ல நான் வகுப்பே எடுக்கிறேன். 'யாரையும் வெளிய நிறுத்தாதே' அப்படின்னு தலைப்பு. அதை வீட்டுல கடைப்பிடிக்கலைன்னா எப்படி? துரையை நாங்க பிராணியாவே பாக்கிறதில்ல. அவர் குடும்பம். குடும்பத்துல ஒருத்தரைத் தரையில படுக்க வெச்சிட்டு நாம மெத்தையில தூங்கினா, மனசாட்சின்னு ஒண்ணு உறுத்தாதா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ படுக்கையறைகளைப் பார்த்திருக்கிறேன், மனசாட்சியை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. இருந்தாலும் கடமை கடமைதான்.

"அப்ப இந்தப் பள்ளம் துரை போட்டதுன்னு எழுதிக்கவா?"

"ஐயையோ, இது அப்பா போட்ட பள்ளம்" என்றார் அதிகாரி, ஒரு நொடியும் யோசிக்காமல். "பகல் பூராவும் அப்பா இங்கதான் படுப்பாரு. பாக்கத்தான் ஒல்லி, படுத்தா நல்ல கனம்."

படுத்தால் கனக்கும் உடம்பைப் பற்றி எங்கள் பயிற்சியில் சொல்லித் தரவில்லை. ஆனால் இதற்கும் ஒரு நடைமுறை உண்டு. சம்பந்தப்பட்டவர் என் முன்னிலையில் படுத்துக் காட்ட வேண்டும். அவருடைய உருவமும் பள்ளமும் ஒத்துப்போனால் மெத்தை அவர்களுக்கு. ஒத்துப்போகாவிட்டால் எனக்குப் பாராட்டு.

அதற்கு முதலில் துரையை இறக்க வேண்டும். மனிதவளத் துறையின் முழு அனுபவத்தையும் அதிகாரி பயன்படுத்தினார்.

"துரை, தங்கம், ஒரு அஞ்சு நிமிஷம். அப்பா சும்மா படுத்துக் காட்டிட்டு எழுந்துடுவாரு. உன் இடம் எங்கயும் போகாது. நான் பொறுப்பு."

துரை உறுமினார். பிஸ்கெட் தட்டு வந்தது. தலையணை மேல் கை வைக்க மாட்டோம் என்ற உறுதிமொழியின் பேரில் பேச்சுவார்த்தை வெற்றி பெற்றது. துரை இறங்கி, பிஸ்கெட்டோடு கட்டில் ஓரத்தில் காவல் நின்றார்.

"அப்பா, இங்க வாங்க" என்று அதிகாரி குரல் கொடுத்தார். பெரியவர் வந்து வாசற்படியிலேயே நின்றார். "நீங்க எப்பவும் படுக்கிற இடத்துல, எப்பவும் போலப் படுத்துக் காட்டுங்க. சார் பாக்கணுமாம்."

"இப்பவா? இவர் முன்னாடியா?"

"கூச்சப்படாதீங்கப்பா. மெத்தை கிடைக்கிற விஷயம்."

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். திரும்பி ஹாலுக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு மெத்தை கிடந்தது. நீல நிறம், ஓரமெல்லாம் நாய்ப் பாதத் தடங்கள் அச்சடித்திருந்தன. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தவணை தவணையாகக் குனிந்து, உட்கார்ந்து, ஒருக்களித்துப் படுத்தார். மெத்தை சிறியது என்பதால் முழங்கால்களை மார்புவரை மடக்கிக்கொண்டார். சரியாக அடங்கினார்.

"இப்படித்தான் சார் படுப்பேன்" என்றார், கீழேயிருந்து என்னைப் பார்த்து. "துரை இதுல படுக்கிறதில்ல. வீணாக் கிடக்கேன்னு நான் எடுத்துக்கிட்டேன். காலை நீட்டத்தான் முடியாது. விடியிறப்ப முதுகு மரக்கட்டையா ஆயிடும். அதான் அந்தப் பழசைக் கேட்டேன். பள்ளம் இருந்தா இருக்கட்டும், காலை நீட்டலாமே."

உள்ளே துரை கட்டிலில் ஏறும் சத்தம் கேட்டது.

"மாமா, அங்க இல்ல" என்றார் பல் டாக்டர் பல்லைக் கடித்தபடி.

"அப்பாவுக்குக் கொஞ்சம் மறதி சார்" என்றார் அதிகாரி.

"மறதியெல்லாம் இல்லப்பா. எப்பவும் படுக்கிற இடத்துலன்னு நீதானே சொன்னே."

வேலைக்குச் சேர்ந்த நாள் தொட்டுக் கட்டிக்காத்த பெருமையை அந்தச் செருப்பு அலமாரிப் பக்கத்திலேயே இறக்கி வைத்தேன்.

"உங்களுக்குப் புது மெத்தை வந்துடும்" என்றேன். "பழசைக் கம்பெனி எடுக்காது. அது ஐயாவுக்கு, இதே ஹால்ல. அவர் அதுல படுக்கிறாரான்னு நான் வந்து வந்து பாப்பேன்."

"அவ்வளவு பெரிய மெத்தையை ஹால்ல போட்டா துரை எங்க நடப்பாரு?" என்றார் பல் டாக்டர்.

அதிகாரி அவரை அடக்கினார். கிடைத்த அதிர்ஷ்டத்தை அவரால் நம்ப முடியவில்லை. என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரொம்ப நன்றி சார். ஆனா ஒண்ணு புரியலை. துரை படுத்ததைத்தான் நீங்களே கண்ணால பாத்தீங்களே. பிராணி படுத்தா செல்லாதுன்னு விதி இருக்கே, மேல இருக்கிறவங்க கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"உள்ளதைச் சொல்லுவேன்" என்றேன். "கட்டில்ல படுக்கிறவர் குடும்பம்னு நீங்களே சொல்லிட்டீங்க. இந்த வீட்டுல பிராணியா வெச்சிருக்கிறது ஒருத்தரைத்தான். அவர் உங்க மெத்தையைத் தொட்டதே இல்லை."