ஜன்னலுக்கு வெளியே அபஸ்வரம்

ஆர்மோனியப் பெட்டிக்கு இவரைப்போல் ஒரு எதிரி சிங்கப்பூரில் பிறந்ததும் இல்லை, கப்பலேறி வந்ததும் இல்லை. பெயர் அபஸ்வரம். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை. செம்பவாங் கடற்படைத் தளத்தில் எங்களோடு வேலை. கப்பல் இரும்பில் துரு தட்டித் தட்டிக் காது பாதி போய்விட்டது. அதனால் ஞாயிறு ஆராதனையில் தன் குரல் தனக்குக் கேட்கிற வரைக்கும் ஏற்றிக்கொண்டே போவார். ஆர்மோனியம் இரண்டாம் சரணத்தில் இருக்கும்போது இவர் ஆமென் சொல்லி உட்கார்ந்துவிடுவார்.

சுருதி போனதைக்கூடப் பாட்டு மாஸ்டர் பொறுத்துக்கொண்டார். யாழ்ப்பாணத்துக்காரர், தளத்து ஆபீசில் பெரிய கிளார்க். அவரால் பொறுக்க முடியாதது ழகரக் கொலை. ஆண்டவர் நம்மை 'அழைக்கிறார்' என்று வரும் இடமெல்லாம் அபஸ்வரம் 'அலைக்கிறார்' என்றே முழங்குவார்.

"இஞ்ச பாரும், அவர் எங்களைக் கூப்பிடுறார். அலைய வைக்கேல்லை" என்றார் மாஸ்டர்.

"எங்க ஊரு நாசரேத்துல இருந்து பினாங்கு, பினாங்குல இருந்து செம்பவாங். அலைய வச்சது யாரு? சரியாத்தான பாடுதேன்?"

"அப்ப வாயை மட்டும் அசையும்."

"ஆண்டவர் முன்னாடியே பின்னணிப் பாட்டா?"

கடைசியில் சபை மூப்பர்கள் கூடி, அவர் இனிக் கோயிலுக்குள் பாடக் கூடாது என்று தீர்மானித்துவிட்டார்கள். "பாடலைன்னா திங்கக்கிழமை எந்தத் தெம்புல சுத்தியலத் தூக்குவேன்?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் இடம் காலி. அப்பாடா என்று மாஸ்டர் ஆர்மோனியக் கட்டையில் கை வைத்ததும், ஜன்னலுக்கு வெளியிலிருந்து வந்தது அந்தக் குரல். "உள்ளதானே பாடக் கூடாதுன்னீங்க" என்றார். அன்று முதல் வாராவாரம் வெளியே நின்று பாடினார். மழை வந்தால் குடை பிடித்துக்கொண்டு பாடினார்.

அப்புறம்தான் வெள்ளைக்காரன் தளத்தை மூடப்போகிறான் என்ற இடி விழுந்தது. எங்களில் பாதிப்பேருக்கு வேலை இல்லை. குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். அந்த ஞாயிறு மாஸ்டர் வாசிக்கிறார், ஒரு தொண்டையும் திறக்கவில்லை. வெளியே குடைக்கு அடங்காத மழை. அதைக் கிழித்துக்கொண்டு வந்தது, "அலைக்கிறார்". அவருக்கும் அதே வாரம்தான் நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அலைக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வீம்பு வந்தது. நானும் பாடினேன். கோயில் முழுக்க 'அலைக்கிறார்' என்றே பாடியது.

மாஸ்டர் பெட்டியை மூடிவிட்டு ஜன்னலருகே போனார்.

"உள்ள வாரும். நனையிறீர்."

"ழானா வராதே ஐயா."

"வராட்டிப் பரவாயில்லை. இவையளுக்குப் பாட ஆள் வேணும்."

சொட்டச் சொட்ட வந்து என் பக்கத்தில் நின்றார். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது எனக்கு வலது காது அடைத்திருந்தது. ஒரு வாரமாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது போயிருந்தது. அந்த மனிதர் பக்கத்தில் நின்று பாட இன்னொரு காதையும் கொடுத்திருப்பேன்.