எலுமிச்சை அண்ணனும் ஊசிக்குப் பயந்த பேயும்

எங்கள் ஊர் கெலாங் பாத்தாவில் யாருக்கு எந்த நோய் வந்தாலும், அதற்குக் காரணமான பேயின் ஊர், வயது, சாப்பாட்டுப் பழக்கம் வரை சொல்லக்கூடிய ஒரே மனிதர் எங்கள் தொழிற்சாலை வேன் ஓட்டுநர் எலுமிச்சை அண்ணன்தான். ஒரு இடத்தில் நிற்க மாட்டார். சிவப்பு விளக்கில்கூடக் குதித்து இறங்கி, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழத்தால் திருஷ்டி சுற்றிவிட்டு ஏறுவார். பின்னால் ஹார்ன்கள் அலறும்.

எனக்குப் பல்வலி வந்தபோது, "அது காஹாங் செம்பனைத் தோட்டத்துப் பேய் லா தம்பி. இனிப்புன்னா உயிர விடும்" என்றார். பல்லைப் பிடுங்கிய பிறகு, "பாத்தியா, வீட்ட இடிச்சதும் ஓடிருச்சு!" என்றார். தினமும் அவரோடு வாதாடுவேன். தினமும் தோற்பேன்.

ஒரு நாள் மத்தியானம், ஷிப்ட் முடிந்து எங்கள் பிளாட் வாசலில் வேனைவிட்டு இறங்கிய, என்னோடு வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுச் செல்வி அப்படியே கீழே விழுந்தாள். கைகால் வெட்டி இழுத்தது, வாயில் நுரை. ஓடிவந்த அவள் அம்மா, "பேய்தான்! பூசாரிகிட்ட கொண்டு போங்க, பிரம்பால அடிச்சு விரட்டுவாரு!" என்று கத்தினார்.

"இது வலிப்பு ஆன்ட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். பிரம்படியை அந்தப் பெண் எப்படித் தாங்குவாள்?

அண்ணன் குனிந்து செல்வியைப் பார்த்தார். "அலமாக்! அக்கா, இது பிரம்புக்கு அடங்குற பேய் இல்ல. ஊசிக்குத்தான் பயப்படும். தூக்குங்க வண்டியில!"

அம்மா மறுபேச்சில்லாமல் ஏறினார். வழியில் எந்தச் சிவப்பு விளக்கிலும் அண்ணன் இறங்கவில்லை.

வலிப்பு நோய்தான், தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார் டாக்டர். "டாக்டருங்க அதுக்கு வேற பேரு வச்சிருக்காங்கக்கா. ஆளு அதேதான்" என்று அண்ணன் அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னார்.

செல்வி தேறியதும் வந்தது அடுத்த வம்பு. "பேய்தான் போயிருச்சே, மாத்திரை எதுக்கு?" என்றார் அம்மா.

"எங்க போச்சு? பஸ் ஸ்டாப்புல உக்காந்திருக்கு. மாத்திரை வாசம் நின்னா திரும்ப வந்துரும்!" என்றார் அண்ணன்.

அன்றிலிருந்து மாத்திரை சாமி படத்துக்கு முன்னால் விபூதித் தட்டில் ஏறியது. செல்வி ஒரு வேளையும் தவறவில்லை.

"நெசமாவே பேய்னு நம்புறீங்களாண்ணே?" என்று ஒருநாள் அவரை மடக்கினேன்.

"நம்பாம? பேய் இருக்கு தம்பி." சாவிக்கொத்தை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தார். "என் தங்கச்சிக்கும் இதே மாதிரிதான் இழுக்கும். பிரம்பாலதான் அடிச்சாங்க. பேய் போகல. அவதான் போயிட்டா."

அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல எனக்கு இருந்தது. வெட்கம் விடவில்லை. "வாங்கண்ணே, கடையில தே தாரிக் டீ குடிக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.