குனிந்து நிமிர்ந்ததில் வந்த வினை

மார்லா,
செவ்வாய்க்கிழமை மதியம்.

அன்பைவிடக் கண்டிப்பு ஒரு பிடி கூடுதலாக உள்ள க்ளெனிஸ் அக்காவுக்கு, தம்பி நெவில் எழுதிக்கொள்வது. நான் நலம். உன் முழங்காலும் பூனையும் நலமாக இருக்கட்டும்.

நீ நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது, ஆனால் எங்களுக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. நெடுநேரம் வண்டி ஓட்டுகிறவர்கள் உடம்பைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று முன்னும் பின்னும் எழுதி நீ அனுப்பிய தாளை லாரியில் ஒட்டிவைத்து, டார்வினில் சரக்கேற்றிக் கிளம்பியதிலிருந்து அதன்படியே நடந்துவருகிறேன். ஆசையால் அல்ல, பயத்தால். வெள்ளிக்கிழமை போர்ட் அகஸ்டாவில் எனக்கு டாக்டர் பரிசோதனை. தேறினால் இன்னும் ஒரு வருடம் லாரி. தேறாவிட்டால் லைசென்ஸ் போய்விடும், நான் உன் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து ஓட்ஸ் கஞ்சி குடிக்க வேண்டியதுதான்.

மணிக்கு ஒரு பாட்டில் தண்ணீர் என்றாய். குடித்தேன். ஆலிஸ் ஊரைத் தாண்டிய வெட்டவெளியில் எந்தப் புதரும் என் முட்டிக்கு மேல் வளர்வதில்லை என்பது உன் தாளுக்குத் தெரியாது. நான் ஒதுங்கிய நேரம் பார்த்து ஒரு சுற்றுலா பஸ் வந்தது, உள்ளே இருந்த பாட்டிமார்கள் எல்லோரும் கையசைத்தார்கள், பதிலுக்கு அசைக்க என்னிடம் கை காலியாக இல்லை. சரி, போகட்டும். மனதுக்கு அமைதி வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அதற்காக லாரிக்காரர்கள் பேசிக்கொள்ளும் ரேடியோவையும் அணைத்துவைத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிக் குனிந்து நிமிர வேண்டும் என்றாய். இன்று காலை இறங்கினேன், குனிந்தேன், நிமிர முடியவில்லை. லாரியைப் பிடித்துக்கொண்டு நாலு காலில் தவழ்ந்து ஒருவழியாக ஏறி ஓட்டிவந்துவிட்டேன். ஆனால் கொஞ்சம் பின்னால் இன்னொரு லாரியில் வந்துகொண்டிருந்த டரில் நான் தவழ்ந்ததைப் பார்த்துவிட்டு ரேடியோவில் தமுக்கடித்துவிட்டான். அது வாய்க்கு வாய் வளர்ந்திருக்கிறது, என் ரேடியோ அணைந்து கிடந்ததால் மறுக்க எனக்கு வழியில்லை. மார்லாவில் சாப்பிட இறங்கினால் சமையல்கார மாவிஸ் கொடியை அரைக் கம்பத்துக்கு இறக்கிக்கொண்டிருக்கிறாள்.

"நீ செத்துட்டன்னுல்ல சொன்னாங்க? உனக்கு வச்சிருந்த ஆட்டு வறுவலை இப்பதான் வேற ஆளுக்குப் போட்டேன்" என்றாள். என்னவோ நான் வாக்குத் தவறிவிட்டது போல அவளுக்கு என்மேல்தான் கோபம்.

பின்னாலேயே டரில் வந்து சேர்ந்தான். "ஏய்யா, டயரும் வெடிக்கல, நீ எதுக்கு எறங்குன? பத்து வருசமா உன்ன சீட்டுக்கு மேலதான் பாத்திருக்கேன். உனக்குக் காலு இருக்கறதே இன்னிக்குத்தான் தெரியும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அது உறைத்துவிட்டது, அக்கா.

கல்யாணமாகி ரேலீன் என்னோடு மாறி மாறி ஓட்டிய பத்தொன்பது வருடத்தில் எனக்குத் தொப்பை ஏது? லாரிக்கும் அது இழுக்கும் மூன்று டிரெய்லருக்கும் சேர்த்து அறுபத்திரண்டு டயர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி, கட்டையால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே அவள் இடப்பக்கம் போவாள், நான் வலப்பக்கம் போவேன். காற்றிருந்தால் டயர் கணீரென்று சொல்லும், இறங்கியிருந்தால் மொத்தென்று முனகும். அவள் தட்டும் சத்தம் அந்தப் பக்கத்திலிருந்து எனக்குக் கேட்டுக்கொண்டே வரும். கடைசி டிரெய்லருக்குப் பின்னால் சந்திப்போம்.

"உன் பக்கம் எப்படி?" என்பேன்.

"முப்பத்தொண்ணும் நல்லாருக்கு. நானும் நல்லாருக்கேன், என்னைத் தட்டிப் பாக்க வேணாம்" என்பாள்.

இப்போது டயரில் காற்று குறைந்தால் முன்னால் உள்ள திரையே சொல்லிவிடுகிறது, அதனால்தான் யாரும் இறங்குவதில்லை என்று உன்னிடமும் டாக்டரிடமும் சொல்லிவந்தேன். பொய். அவள் இறந்த அடுத்த மாதம் அந்தத் திரையை மாட்டியபோது, இனி பின்பக்கம் போக வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தது. நான் மட்டும் நடந்து அங்கே போனால் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு நாளைக்கு ஐந்து தடவை அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

இருந்தாலும் இந்த ரோட்டை மட்டும் விடச் சொல்லாதே. அவளோடு வாழ்ந்ததெல்லாம் இதன் மேல்தான். எனக்கு நடக்க வராது, நிமிர வராது, ஆனால் உட்கார்ந்து ஓட்ட வரும். உன் பின்னறைக்கு என்னைக் கட்டித் தூக்கினாலும் வரமாட்டேன், இது முடிவு.

உன் வீட்டு ரோஜாக்களுக்கும், என்னைக் கண்டாலே சீறும் அந்தப் பூனைக்கும் என் விசாரிப்புகள். நீ நூறு வயது இருந்து, இன்னும் பல பேருக்குத் தாள் எழுதி அனுப்ப வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் தம்பி,
நெவில் பாஸ்கோ.

பி.கு: வெள்ளி சாயங்காலம். கடிதத்தைத் தபாலில் போட மறந்துவிட்டேன். பரிசோதனையில் தேறிவிட்டேன். ரத்தம், கண், காது எல்லாம் சரியாம். கையெழுத்துப் போட்டுவிட்டு டாக்டரம்மா, "ஒரு நாளைக்கு எத்தனை பேர்கிட்டப் பேசுவீங்க?" என்று கேட்டாள். "நேத்து யாருமில்ல. செவ்வாக்கெழம நான் செத்துட்டேன்னு நெனச்சதால நாலஞ்சு பேர்" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசி டிரெய்லருக்குப் பின்னால் மட்டுமில்லை, முன்னாலும் யாருமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நேராக ஆபீசுக்குப் போய் லாரிச் சாவியைக் கொடுத்துவிட்டேன். அடுத்த வார ஞாயிறு பஸ்ஸில் உன் வீட்டுப் பின்னறைக்கே வருகிறேன். நீ காலையில் நடக்கக் கிளம்பும்போது என்னையும் எழுப்பு. வரமாட்டேன் என்பேன், விடாதே.