நான் 'பாடிய' ஒரே ரிக்கார்டு

நல்ல சங்கீதம் கேட்டால் எனக்கு வாய் நிற்காது. கச்சேரி மேடையில் இது குறையே இல்லை. பக்கத்தில் மிருதங்கம் வாசிக்கிறவன் 'பலே' சொல்லாவிட்டால்தான் தப்பு. (உம்மென்று இருந்தால், பாடகருக்கும் இவனுக்கும் ஏதோ தகராறு என்று சபை முடிவுகட்டிவிடும்.) இந்த வாயால்தான் ஒரு நல்ல மனிதரின் ரிக்கார்டைக் கெடுத்தேன்.

அறுபதுகளின் நடுவில் நான் பம்பாயில் ஆபீஸ் குமாஸ்தா. சாயங்காலமானால் மாட்டுங்கா பஜனைகளில் மிருதங்கம். பாஸ்கல் கோவாக்காரர். பதினாறு வருஷமாக சினிமாப் பாட்டுகளுக்குப் பின்னால் சாக்ஸபோன் ஊதிக்கொண்டிருந்தவர். மாட்டுங்காவுக்குக் காப்பி குடிக்க வந்தவர், ராமநவமிப் பந்தலில் என் வாசிப்பைக் கேட்டு நின்றுவிட்டார். முதன்முதலாகத் தன் சொந்தப் பெயரில் ஒரு ஜாஸ் எல்.பி. ரிக்கார்டு வரப்போகிறது, அதில் ஒரு பாட்டுக்கு மிருதங்கம் வேண்டும் என்றார். நான் ஆபீஸுக்கு ஜுரம் என்று சொல்லிவிட்டு, குடியிருந்த கட்டடம் முழுக்க விஷயத்தையும் சொல்லிவிட்டு, சந்தனப் பொட்டும் ஜரிகை அங்கவஸ்திரமுமாக ஸ்டூடியோவில் போய் இறங்கினேன். அங்கே எல்லோரும் அரைக்கைச் சட்டையில் இருந்தார்கள்.

எல்லோரும் சேர்ந்தே வாசிக்க வேண்டும். ஒருவர் தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. மற்ற பாட்டுகள் முடிந்து, எங்களுடையது மட்டும் பாக்கி. ஒரு மணிக்கு ஹாலைக் காலி செய்ய வேண்டும். அடுத்து வருவது சினிமா ஆர்க்கெஸ்ட்ரா. அதில் கடைசி வரிசையில் உட்கார வேண்டியவரும் பாஸ்கல்தான்.

முதல் தடவை பாஸ்கல் சாக்ஸபோனில் அழகாக ஒரு பிடி பிடித்தார். "பலே!" என்றேன். கண்ணாடிக்குப் பின்னால் ரிக்கார்டிங்காரர் தலையில் கைவைத்தார். இனி பலே சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். இரண்டாம் தடவை 'சபாஷ்' சொல்லிவிட்டேன். (சத்தியம் பலேக்குத்தானே?)

மூன்றாம் தடவைக்கு நேரம் பன்னிரண்டே முக்கால். கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டேன். பாட்டு முடியப்போகும் இடத்தில் பாஸ்கல் சத்தத்தையெல்லாம் குறைத்து, ஒரே ஒரு ஸ்வரத்தை இழைத்து இழைத்துக் கீழே கொண்டுவந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கைக்குட்டை மடியில் விழுந்தது. மறுபடியும் பலே சொன்னது போதாதென்று இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். ஒரு முழு ஆவர்த்தனம் மிருதங்கமே இல்லை. பாஸ்கல் மட்டும் நிறுத்தவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே அதே பிடியை இன்னொரு தரம் வாசித்தார்.

வாசலில் வயலின் பெட்டிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. பாஸ்கல் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இந்த டேப்பை வெளியே விட முடியாது என்றார் ரிக்கார்டிங்காரர்.

"ரெஹ்னே தோ," என்றார் பாஸ்கல். இருக்கட்டும் என்று அர்த்தம். பதினாறு வருஷத்தில் தப்பாக வாசித்தால் மட்டுமே அவரைக் கூப்பிட்டுச் சொல்வார்களாம். சரியாக வாசித்தபோது ஒருத்தரும் வாயைத் திறந்ததில்லையாம்.

ரிக்கார்டு வந்தது. நல்ல இடம் வரும்போது மிருதங்கம் காணாமல் போய், என் குரல் கேட்கும். அட்டையில் என் பெயருக்கு எதிரே பாஸ்கல் 'மிருதங்கம், வாய்ப்பாட்டு' என்று போடச் சொல்லியிருந்தார். அப்புறம் எந்த ஸ்டூடியோவும் என்னைக் கூப்பிடவில்லை.

யார் வீட்டுக்கு வந்தாலும் என் மனைவி அந்த அட்டையை எடுத்து நீட்டுவாள். "பன்னெண்டு வருஷம் பாட்டு கத்துண்டவ நான். ஒத்தை வார்த்தை சொல்லிட்டு இவர் பாடகராயிட்டார்."