குட்டைக்குள் நடைப்பயிற்சி

விளையாட்டு ஆசிரியர்களிடம் ஓய்வெடுக்கச் சொல்வதும் ஆட்டுக்குட்டியிடம் செடியைக் கடிக்காதே என்று சொல்வதும் ஒன்றுதான். முன்னால் தலையாட்டுவோம். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் வேலையைக் காட்டுவோம்.

கோவில்பட்டியில் ஒரு பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கிறேன். (விசில் என்னிடம், ஓட்டம் அவர்களிடம்.) சில வருடங்களுக்கு முன் என் இடது இடுப்பு மூட்டு தேய்ந்துபோனது. மாற்று மூட்டு வைக்க அரையாண்டு விடுமுறையில் தேதி கொடுத்த மருத்துவர், "அதுவரை எங்கேயும் விழக் கூடாது, காலில் ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது, இருந்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும்" என்று எச்சரித்தார். எனக்கு அது பெரிய பயம். அப்போதே பள்ளி வாசலிலிருந்து மைதானத்துக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்று, யாரையோ எதிர்பார்ப்பது போல் நடித்துக்கொண்டிருந்தேன்.

பிசியோதெரபி பெண் வேறு ஆசை காட்டினாள். "சும்மா படுத்துக் கிடந்தா சதை வத்திரும் டீச்சர். இப்ப பலமா இருந்தாத்தான் பெறகு சீக்கிரம் எந்திரிச்சு நடப்பீங்க. நெஞ்சளவு தண்ணிக்குள்ள நடந்தா வலிக்காது, பாரத்தைத் தண்ணி தாங்கிக்கிடும். பக்கத்துல நீச்சல்குளம் இருக்கா?"

அதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. இத்தனை கிலோ உடம்பைத் தண்ணீர் எப்படித் தாங்கும்? வாளித் தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தேன்; கை இலேசாகத்தான் இருந்தது. ஆனால் குழாயில் தண்ணீர் வரும் நாளைத் தெருவே எதிர்பார்த்துக் கிடக்கும் எங்கள் ஊரில் நெஞ்சளவு தண்ணீருக்கு எங்கே போவது?

அந்த வாரம் எட்டயபுரம் பக்கம் விவசாயம் பார்க்கும் என் அண்ணன் போன் செய்தார். மழை கொட்டிவிட்டதாம். உளுந்துக் காட்டில் மழைநீர் தேங்குவதற்காக வெட்டிய பண்ணைக்குட்டை நிறைந்து கிடக்கிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை கணவரோடு போய்விட்டேன். டிராக் பேண்ட், டி-ஷர்ட், கழுத்தில் விசில். அண்ணன் காட்டின் மறுகோடியில் களையெடுப்பவர்களோடு இருந்தார். சொன்னால் வேண்டாம் என்பார் என்பதால் சொல்லவில்லை. ஆடுகள் தண்ணீர் குடிக்கச் சரித்துவிட்ட பக்கமாக, கணவர் கையைப் பிடித்து மெதுவாக இறங்கினேன்.

மழை பெய்த கரிசல் மண்ணில் கால் வைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும். தண்ணீருக்கு அடியிலும் அதே மண்தான் கிடக்கும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

முதலில் சொர்க்கம். தண்ணீர் நெஞ்சுக்கு வந்ததும் வலி போன இடம் தெரியவில்லை. ஓர் அடி வைத்தேன், இன்னோர் அடி. பல மாதம் கழித்து வலியில்லாமல் நடக்கிறேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இது எப்படி என்று நின்று யோசித்தேன் பாருங்கள், அங்கேதான் கெட்டது. நின்ற காலைக் கரிசல் பிடித்துக்கொண்டது.

"போதும், வாட்டி" என்றார் கணவர்.

"வர முடியலைங்க."

"ஏன், அவ்வளவு நல்லாவா இருக்கு?"

நான் விசிலை ஊதினேன். காடே ஓடி வந்தது.

"ஏட்டி, இங்கன எதுக்கு எறங்கின?" என்றார் அண்ணன்.

"பயிற்சி செய்யுதேன்ணே."

"போன வருசம் இதுல ஒரு எருமை மாட்டிச்சு. அதுக்காவது வாலு இருந்துச்சு, பிடிச்சு இழுத்தோம்."

கணவர் கையைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். இழுக்க வேண்டாம், இடுப்பு போய்விடும், ஆபரேஷன் போய்விடும் என்று கத்தினேன். களையெடுத்த பெண்கள் மூன்று பேர் ஓர் ஏணியைக் கொண்டுவந்து குறுக்கே போட்டு இறங்கி, என் காலைச் சுற்றியிருந்த சேற்றைக் கையாலேயே தோண்டினார்கள்.

"எம் மக ஒங்ககிட்டதான் டீச்சர் படிக்கா" என்றார் ஒருவர். "ஓடலைன்னா வெயில்ல நிக்க வைப்பீங்களாம்லா. இப்ப ஆடாம அசையாம நில்லுங்க."

நின்றேன். கால் வந்தது. டிராக் பேண்ட் வரவில்லை. ரெடிமேட் கடைக்காரரின் மனைவியாகிய நான், அண்ணனின் தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு கரையேறினேன். கணவர் காலைக் கழுவி, துணியில் பழுது இருக்கிறதா என்று பார்ப்பது போல் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்துவிட்டு, "கீறல் இல்லை" என்றார். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. சொன்ன தேதியில் ஆபரேஷன் நடந்தது.

அதிலிருந்து அண்ணன் வீட்டில் குட்டைத் தண்ணீரை அடிக்கணக்கில் சொல்வதில்லை. 'தங்கச்சி நெஞ்சு வரைக்கும்', 'தங்கச்சி கரண்டைக்கால் வரைக்கும்' என்றுதான் கணக்கு. வீட்டோடு நிற்கும் என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் எட்டயபுரம் பஸ்ஸில் முன்சீட்டில் இருந்தவர் போனில் பேசிக்கொண்டு வந்தார். "எங்க குட்டையில டீச்சர் முழங்காலுக்குத்தான் கெடக்கு. உளுந்துக்குப் பத்தாது." அவரை நான் முன்பின் பார்த்ததே இல்லை. என் நிறுத்தம் வந்ததும் எழுந்து, கம்பியைக்கூடப் பிடிக்காமல், அவரைத் தாண்டி விறுவிறுவென்று நடந்து இறங்கினேன். அது எந்த டீச்சரின் முழங்கால் என்று பாவம் அவருக்குத் தெரியாது.