உடையாத பெப்டைடு

"ஒளி படுதுல்ல?" என்று பேராசிரியர் ஐந்தாவது முறையாகக் கேட்டார்.

"படுது சார். ஆனா உடைய மாட்டேங்குது," என்றாள் ஆய்வு மாணவி.

உடைய வேண்டியது பெப்டைடு. புரதத்தின் ஒரு துணுக்கு. அதை வாயுவாக்கி, வெற்றிடக் குடுவைக்குள் மிதக்கவிட்டு, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா லேசரால் அடித்தால் சுக்குநூறாக வேண்டும். உடைந்தால் கணினித் திரையில் குட்டிக் கோடுகள் வரிசையாக எழும்பும். இப்போதோ ஒரே ஒரு நெட்டைக் கோடு, உடையவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றது. நான்கு மணிக்குத் தேர்வாளர் வந்து கண்ணால் பார்த்தால்தான் பட்டம். இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருடம்.

அவளுக்கு அந்த ஆய்வகத்தில் 'நன்றி' என்றே பட்டப்பெயர். பேனா எடுத்துக் கொடுத்தால்கூட மூன்று தடவை நன்றி சொல்வாள். அதனால் உதவிக்கு ஆள் பஞ்சமில்லை. அறை கொள்ளாமல் வாசல் வரை நின்றார்கள்.

"பவர் பத்தலைம்மா," என்று லேசர் மெக்கானிக் கூட்டினார். லேசர் சூடாகி அலற ஆரம்பித்தது.

"நன்றிண்ணா," என்றாள் காதைப் பொத்திக்கொண்டு.

பெப்டைடு உள்ளே போகும் ஊசியை சீனியர் கழற்றித் துடைத்து மாட்டினான். இருந்த ஒரு கோடும் காணாமல் போனது.

"ரொம்ப நன்றி," என்றாள் வெறும் திரையைப் பார்த்தபடி.

பேராசிரியர் கணினியை அணைத்துப் போட்டார். அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கியது. இருபது நிமிடம் ஆகுமாம். மணி மூன்று முப்பத்தைந்து.

"நன்றி சார்," என்றபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எல்லாரும் கொஞ்சம் நகருங்க, துடைக்கணும்," என்று துப்புரவு அக்கா ஈரத் துடைப்பானோடு வந்தார். கூட்டம் முணுமுணுத்தபடி கலைந்தது. பின்னாலேயே வந்த தேர்வாளரை உள்ளே விட்டு, அக்கா கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

கணினி விழித்தது. நெட்டைக் கோடும் திரும்பி வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

"அடேயப்பா!" என்றார் தேர்வாளர்.

திரை முழுக்கக் குட்டிக் கோடுகள்! அவர் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

பவரா, ஊசியா, கணினியா, எது கைகொடுத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று பேரையும் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் மனமார எழுதினாள். இத்தனை பேர் தனக்காக ஓடினார்களே என்று நெஞ்சு நிறைந்திருந்தது. கடைசியில் நடைகூடத்துக்கு ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தரை துடைச்சீங்கல்ல, உங்களையும் எழுதியிருக்கேன்க்கா. ரொம்ப நன்றி."

"தரைக்கு எதுக்கு பாப்பா நன்றி? கதவு திறந்திருந்தா லேசர் ஒளி வெளிய வராம தானா அடைச்சுக்கும்னு நேத்துதான் கதவுக்கு வெளிப்பக்கம் நோட்டீஸ் ஒட்டினாங்க," என்றார் அக்கா. "காலையிலேருந்து உதவிக்கு வந்த ஒருத்தரும் கதவைச் சாத்தலையேன்னுதான் எல்லாரையும் விரட்டினேன்!"